வசந்தத்துக்கு முன் தோட்டத்தில் எதைத் தொடங்கலாம், எதைத் தள்ளிவைக்க வேண்டும்?

கேட்டவர்: மொட்டுக்காலம்

அனைவருக்கும் வணக்கம்.

குளிர்காலம் முடியப்போகிறது என்பதற்கான அறிகுறிகள் என் தோட்டத்தில் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. இலையுதிர்காலத்தில் புதைத்த துலிப் கிழங்குகள் விரல் நுனியளவுக்கு மண்ணுக்கு வெளியே எட்டிப் பார்க்கின்றன. ஆப்பிள் கன்றின் மொட்டுகள் லேசாகப் பருத்திருப்பதுபோல் தோன்றுகிறது. கடந்த சில நாள்களாக நண்பகலில் கம்பளிச் சட்டை இல்லாமலே வெளியில் நிற்க முடிகிறது. ஆனால் விடியற்காலையில் பார்த்தால் புல்லின்மேல் வெண்பனி படிந்துதான் கிடக்கிறது.

குளிர் மாதங்கள் முழுவதும் விதைப் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு இப்போது கை பரபரக்கிறது. பட்டாணி, கேரட், கீரை வகைகள், தக்காளி, வெள்ளரி ஆகிய விதைகள் கைவசம் உள்ளன. அவற்றில் பாதி புதியவை. மீதி முந்தைய ஆண்டுகளில் எஞ்சியவை. இவற்றில் எதையாவது இப்போதே பாத்தியில் விதைக்கலாமா, அல்லது எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டுமா? கடைசி உறைபனி எப்போது வரும் என்பதை எப்படிக் கணிக்கிறீர்கள்? ஆப்பிள் மொட்டு இவ்வளவு சீக்கிரம் பருப்பது நல்லதுதானா? பழைய விதைகளை நம்பலாமா? இந்த நான்கு கேள்விகளுக்கும் அனுபவமுள்ளவர்கள் விடை சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பதில்: மண்வாசகன்

வணக்கம். விதைப்பைப் பற்றிய முடிவை மண்ணின் வெப்பநிலையை வைத்து எடுங்கள் என்பதே என் ஆலோசனை. நண்பகல் வெயிலில் காற்று ஒரே நாளில் சூடாகிவிடும். குளிர்காலம் முழுவதும் நனைந்து கிடந்த மண் சூடேறுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். ஒரே எடையுள்ள நீரையும் உலர்ந்த மண்ணையும் ஒரே அளவுக்குச் சூடாக்க வேண்டுமானால் நீருக்குப் பல மடங்கு கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது. அதோடு, மேற்பரப்பில் ஈரம் ஆவியாகும்போது அது மண்ணின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. இதனால்தான் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண் தோட்டத்தில் வசந்தம் தாமதமாகவும், நீர் விரைவாக வடியும் மணற்பாங்கான தோட்டத்திலும் உயர்த்திய பாத்திகளிலும் முன்னதாகவும் வருகிறது.

மண் வெப்பமானி ஒன்று இருந்தால் போதும். 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் செருகி, காலை நேரத்தில், நான்கைந்து நாள்கள் தொடர்ந்து அளவிடுங்கள். ஒரு பிற்பகலில் கிடைத்த ஒற்றை அளவை நம்பி விதைப் பொட்டலத்தைப் பிரித்துவிட வேண்டாம். பட்டாணி, பசலைக்கீரை, லெட்டூஸ், முள்ளங்கி போன்ற குளிர்காலப் பயிர்கள் 5 டிகிரி செல்சியஸ் அளவிலேயே முளைக்கக்கூடியவைதாம். ஆனால் முளைக்கும் என்பதும் சரியான நேரத்தில் முளைக்கும் என்பதும் ஒன்றல்ல. கேரட் விதை 5 டிகிரியில் முளைவிட ஏறத்தாழ 50 நாள்கள் எடுத்துக்கொள்ளும். 10 டிகிரியில் சுமார் 17 நாள்களிலும், 15 டிகிரியில் சுமார் 10 நாள்களிலும் அதே விதை தலைகாட்டிவிடும். பட்டாணிக்கு 5 டிகிரியில் சுமார் 36 நாள்கள் ஆகின்றன. 15 டிகிரியில் அது 9 நாள்களாகக் குறைகிறது. ஆகவே இன்று விதைத்தவரின் கேரட்டும் நான்கு வாரம் பொறுத்து விதைத்தவரின் கேரட்டும் ஏறத்தாழ ஒரே நாளில் மண்ணுக்கு வெளியே வருவது சாதாரணமாக நடப்பதுதான். இடைப்பட்ட காலத்தில் முந்தியவரின் விதையை அழுகலும் பூச்சியும் பறவையும் பங்குபோட்டிருக்கும். தக்காளி, வெள்ளரி, பீன்ஸ், பூசணி ஆகியவற்றுக்கு மண் 15 டிகிரிக்கு மேல் நிலைத்திருக்க வேண்டும் என்பதால், அவற்றைப் பாத்தியில் வைக்கும் எண்ணமே இப்போது வேண்டாம்.

வெப்பநிலைக்கு இணையான முக்கியத்துவம் ஈரத்துக்கும் உண்டு. ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கி உருண்டையாக்குங்கள். பிறகு கட்டைவிரலால் அதை மெல்ல அழுத்துங்கள். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் மண் வேலைக்குத் தயாராக இருக்கிறது. விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்று, அந்தப் பள்ளத்தின் ஓரம் பளபளத்தால், மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். ஈரமண்ணைக் கொத்தினாலும் மிதித்தாலும் அதிலுள்ள காற்றறைகள் நசுங்கிப் போகும். காய்ந்தபின் அது செங்கல்போல இறுகும். அந்தக் கட்டிகளை உடைத்துச் சரிசெய்வதற்கு அந்தப் பருவம் முழுவதும் போதாது. வசந்தத்தின் தொடக்கத்தில் தோட்டக்காரர் செய்யும் தீங்குகளில் இதைவிடப் பெரியது வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசி உறைபனி நாளைப் பொறுத்தவரை, வானிலைத் துறைகளும் தோட்டக்கலை நிறுவனங்களும் வெளியிடும் அட்டவணைகளில் ஒரு நாள் குறிப்பிடப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் சராசரி நாள் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அந்த நாளுக்குப் பின் உறைபனி வராது என்று அதற்குப் பொருளில்லை. ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அதற்குப் பின்னரும் உறைபனி வந்திருக்கிறது என்பதே பொருள். அட்டவணையில், அதற்குப் பின் உறைபனி வர 10 விழுக்காடு வாய்ப்பே உள்ள நாளும் தனியாகத் தரப்பட்டிருந்தால், தக்காளி போன்ற மென்மையான பயிர்களுக்கு அந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்வான பகுதியில் உங்கள் தோட்டம் இருந்தால் இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்வது நல்லது. குளிர்ந்த காற்று கனமானது; அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும்.

ஓர் இரவு ஆபத்தானதா என்பதை வானத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். மேகமில்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் இரவில் தரையும் இலைகளும் தம் வெப்பத்தை வானத்துக்கு இழக்கின்றன. அத்தகைய இரவில் தோளுயரத்தில் வெப்பமானி 2 அல்லது 3 டிகிரி காட்டும்போதே இலையின் மேற்பரப்பு சுழியத்துக்குக் கீழே போயிருக்கக்கூடும். மாலையில் வெயில் தாழ்வதற்கு முன்பே துணியால் மூடி, துணியின் ஓரம் தரையைத் தொடும்படி விட்டால், மண்ணிலிருந்து எழும் வெப்பம் உள்ளேயே தங்கும். பிளாஸ்டிக் தாளைப் பயன்படுத்துவதாக இருந்தால் அது இலையைத் தொடக்கூடாது. தொட்ட இடம் கருகும். காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

காத்திருக்க முடியவில்லை என்றால், அந்தப் பரபரப்பை மண்ணைச் சூடேற்றுவதில் செலவிடுங்கள். முதலில் விதைக்கப்போகும் பாத்தியில் மண்ணை மூடியிருக்கும் சருகு, வைக்கோல் போன்ற தடித்த மூடாக்கை ஓரமாக ஒதுக்கி, மேலே கறுப்பு அல்லது தெளிவான பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களில் மண்ணை அணைத்துவிட்டால், இரண்டு மூன்று வாரங்களில் அந்தப் பாத்தி மற்றவற்றைவிடச் சில டிகிரி முந்திக்கொள்ளும்.

---

பதில்: நாற்றங்கால்

மண்வாசகன் ஐயா பாத்தியைப் பற்றிச் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் அவர் சொல்வதைக் கேட்டால் இந்த மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்றாகிவிடும். வீட்டினுள் செய்ய வேண்டிய வேலை இப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது.

முதலில் பழைய விதைகள். ஒவ்வொரு வகையிலிருந்தும் 10 அல்லது 20 விதைகளை எண்ணி எடுத்து, நீரில் நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டில் இடைவெளி விட்டுப் பரப்பி, சுருட்டி, மூடிய பையில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். அந்தப் பயிர் வழக்கமாக முளைக்கும் நாள்கள் கடந்தபின் பிரித்துப் பார்த்தால் எத்தனை முளைத்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும். பாதிதான் முளைத்திருக்கிறது என்றால் இருமடங்கு அடர்த்தியாக விதைக்கலாம். அதற்கும் கீழே போனால் புதிய விதை வாங்குவதே மேல். வெங்காய விதையும், கேரட் போன்ற கிழங்கான பார்ஸ்னிப்பின் விதையும் ஓரிரு ஆண்டுகளில் உயிரிழந்துவிடும் என்பதால் அவற்றைச் சோதிக்காமல் விதைக்கவே கூடாது. தக்காளி, வெள்ளரி விதைகள் ஈரமும் வெப்பமும் படாமல் இருந்தால் நான்கைந்து ஆண்டுகள்கூடத் தாங்கும்.

அடுத்தது நாற்று. கடைசி உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வர வேண்டும். தக்காளிக்கு 6 முதல் 8 வாரங்கள், மிளகாய்க்கு 8 முதல் 10 வாரங்கள் முன்னதாகத் தட்டில் விதைக்கலாம். வெள்ளரியும் பூசணியும் வேர் கலைவதை விரும்பாதவை; அவற்றுக்கு 3 அல்லது 4 வாரங்கள் போதும், அதுவும் தனித்தனிக் குவளைகளில். தக்காளியை நான்கு மாதங்களுக்கு முன்பே விதைத்துவிட்டுப் பெருமைப்படுபவர்களைப் பார்க்கிறோம். தொட்டிக்குள் வேர் சுற்றி, முதல் பூவும் பூத்துக் களைத்துப்போன நாற்றைவிட, குட்டையாகத் திடமாக நிற்கும் ஆறு வார நாற்றே நட்டபின் விரைவில் வேர் பிடிக்கிறது.

தக்காளி விதை முளைக்க 21 முதல் 27 டிகிரி வரையிலான வெப்பம் ஏற்றது. 25 டிகிரியில் ஆறு நாள்களில் முளைப்பது, 10 டிகிரியில் ஆறு வாரங்கள் எடுத்துக்கொள்ளும். முளைத்த உடனேயே தேவை தலைகீழாக மாறுகிறது. இனி வெப்பத்தைக் குறைத்து ஒளியைக் கூட்ட வேண்டும். குளிர்கால இறுதியில் ஜன்னலோர வெளிச்சம் நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும் நாற்றுக்கு அது போதாது. வெப்பம் மிகுந்து ஒளி குறைந்தால் தண்டு வெளிறி, நூல்போல் நீண்டு, ஒரு பக்கமாகச் சாயும். சாதாரண எல்இடி குழல்விளக்கை நாற்றுகளுக்கு மேல் ஒரு கையகல உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள்; நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்துங்கள். இரவில் அணைத்துவிட வேண்டும். சிறிய மின்விசிறியை மெதுவாக ஓடவிடுவதும், நாளுக்கு ஓரிரு முறை நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் தடவிக் கொடுப்பதும் வீண்வேலை அல்ல. அசைவை உணரும் தண்டு குட்டையாகவும் தடித்தும் வளர்கிறது.

நாற்றழுகல் நோயைப் பற்றி ஒரு சொல். நேற்று வரை நன்றாக நின்ற நாற்று இன்று காலையில் தரையோடு படுத்திருக்கும். குனிந்து பார்த்தால் மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு கிள்ளியதுபோல் சுருங்கி, பழுப்பாக, நீர் கோத்திருக்கும். அந்த நாற்றை மீட்க வழியில்லை. பழைய தட்டுகளைக் கழுவாமல் பயன்படுத்துவது, மண்ணை எப்போதும் சதசதவென்று வைத்திருப்பது, நெருக்கமாக விதைப்பது ஆகிய மூன்றும்தான் அதற்குப் பெரும்பாலும் வழிவிடுகின்றன. தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, மேல்மண் சற்று உலர்ந்தபின் அடுத்த நீரைக் கொடுப்பது பாதுகாப்பானது.

நாற்றை வெளியே கொண்டுபோவதைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்போது அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. 7 முதல் 10 நாள்கள் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில், காற்று அடிக்காத இடத்தில், ஓரிரு மணி நேரம். பிறகு நாளுக்கு நாள் நேரத்தையும் வெயிலையும் கூட்டிக்கொண்டே போகலாம். விளக்கொளியில் வளர்ந்த இலை நேரடி வெயிலை ஒரே நாளில் பார்த்தால் வெளுத்துப் போகும்.

---

பதில்: பழத்தோட்டம்

ஆப்பிளைப் பற்றிய கேள்வி யார் கண்ணிலும் படாமல் போகிறதே என்று எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை உங்கள் நான்கு கேள்விகளில் அதுதான் முக்கியமானது.

ஆப்பிள் மரம் வெப்பத்தை மட்டும் பார்த்து விழிப்பதில்லை. இலையுதிர்காலத்தில் அதன் மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறது; அந்த நிலையில் எத்தனை நாள் வெயில் அடித்தாலும் அது அசையாது. உறக்கம் கலைய வேண்டுமானால் முதலில் குறிப்பிட்ட அளவு குளிரை அது அனுபவித்திருக்க வேண்டும். பல ஆப்பிள் வகைகளுக்கு, 0 முதல் 7 டிகிரி வரையிலான வெப்பநிலையில் 800 முதல் 1,000 மணி நேரம் தேவை. குறைந்த குளிரே போதும் என்று தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட வகைகளுக்கு 300 மணி நேரத்துக்கும் குறைவாகவே போதும். அந்தக் கணக்கு முடிந்தபின் மரம் விழித்துதான் இருக்கிறது, வெளியே குளிராக இருப்பதால் மட்டுமே அடங்கிக் கிடக்கிறது. உங்கள் மரம் இப்போது அந்த இரண்டாம் நிலையில் இருக்கிறது. இனி ஒவ்வொரு வெப்பமான நாளும் மொட்டை ஒரு படி முன்னே தள்ளும். தள்ளியதைத் திரும்பப் பெற முடியாது.

இதில்தான் சிக்கல். இறுக மூடியிருக்கும் குளிர்கால மொட்டு கடும் உறைநிலையைத் தாங்கும். மொட்டு பருக்கப் பருக்க அந்தத் தாங்குதிறன் கரைந்துகொண்டே போகிறது. முழுமையாகப் பூத்த ஆப்பிள் பூக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று −2.2 டிகிரியில் அரை மணி நேரத்தில் செத்துவிடும், −3.9 டிகிரிக்குப் போனால் பத்தில் ஒன்பது போய்விடும். பூவைப் பிளந்து பார்த்தால் நடுவிலுள்ள சூலகம் கறுத்திருக்கும், இதழ்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் வெண்மையாக இருக்கும். ஆகவே மொட்டு முந்துவதை நல்ல செய்தியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. 2021 மார்ச் இறுதியில் பிரான்சில் வழக்கத்துக்கு மாறான வெப்பம் நிலவியது. திராட்சைக் கொடிகளும் பழமரங்களும் முன்னதாகவே துளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரத்திலேயே கடும் உறைபனி வந்து அந்தத் துளிர்களைக் கருக்கியது. அதே ஆண்டு ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மரங்கள் மார்ச் 26 அன்றே முழுமையாகப் பூத்தன. அங்கு 9ஆம் நூற்றாண்டிலிருந்து திரட்டப்பட்ட பூப்புப் பதிவுகளில் அதுவரை அவ்வளவு முன்னதாகப் பூத்ததில்லை. எல்லோரும் படம் எடுத்து மகிழ்ந்தார்கள். பழத்துக்காக மரம் வளர்ப்பவருக்கு அந்தச் செய்தி கவலையைத்தான் தரும்.

செய்யக்கூடியவை சில உண்டு. தழைச்சத்து மிகுந்த உரத்தை இப்போது போட்டு மரத்தை உசுப்பிவிடாதீர்கள். உறைபனி எச்சரிக்கை வந்தால், மண் உலர்ந்திருக்கும் பட்சத்தில் முந்தைய நாள் காலையிலேயே நீர் பாய்ச்சுங்கள். ஈரமான வெற்றுத் தரை பகல் வெயிலைச் சேமித்து இரவில் மெல்ல விடுவிக்கும். சிறிய கன்றாக இருப்பதால் மாலையில் துணியால் முழுமையாக மூடுவதும் உங்களால் முடியும். பெரிய மரம் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதிகூட இல்லை.

துலிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கும் 12 முதல் 16 வாரக் குளிர் தேவைப்பட்டது, அது கிடைத்துவிட்டது. வெளியே தெரியும் இலைமுனை பனியில் சற்றுப் பழுப்பாகலாம், பூ இன்னும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது.

---

மொட்டுக்காலம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவான விளக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. விதைச் சோதனையை இன்றே தொடங்கிவிட்டேன். பட்டாணிக்கான பாத்தியில் தாள் விரித்தாயிற்று. மண் உருண்டை இன்னும் உதிர மறுக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். தோட்டத்தில் லைலாக், ஹைட்ரேஞ்சியா, ரோஜா ஆகியவை உள்ளன. இலையில்லாமல் நிற்கும் இந்தச் சமயத்தில் எல்லாவற்றையும் கவாத்து செய்து (கிளைகளை வெட்டிச் சீராக்கி), சென்ற ஆண்டின் காய்ந்த செடித்தண்டுகளையும் சருகுகளையும் அள்ளிவிட்டால் தோட்டம் பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்குமே என்று நினைக்கிறேன். இரண்டாவது, லைலாக் பூத்தபின் பீன்ஸ் விதைத்தால் தவறாது என்று தோட்டம் போடும் தெரிந்தவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இதில் உண்மை இருக்கிறதா, அல்லது வெறும் நம்பிக்கையா?

---

பதில்: கவாத்துக்கத்தி

கத்தியை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தச் செடி எந்தக் கிளையில் பூக்கிறது? வசந்தத்தின் தொடக்கத்தில் பூக்கும் லைலாக், ஃபோர்சித்தியா போன்றவை சென்ற கோடையிலேயே பூமொட்டுகளை உருவாக்கி, பழைய கிளையில் சுமந்துகொண்டு நிற்கின்றன. லைலாக் கிளையின் நுனியில் இரட்டையாக, உருண்டு திரண்டிருக்கும் மொட்டுகளைப் பாருங்கள், அவைதாம் இந்த ஆண்டின் பூக்கள். இப்போது வெட்டினால் செடி சாகாது. ஆனால் இந்த வசந்தத்தில் பூவும் இருக்காது. பூத்து முடிந்த உடனே வெட்டுங்கள்.

ஹைட்ரேஞ்சியாவில் எல்லாமே வகையைப் பொறுத்தது. பந்துபோல் நீலம் அல்லது இளஞ்சிவப்பில் பூக்கும் பெரிய இலை வகை பெரும்பாலும் பழைய கிளையில் பூப்பது என்பதால், காய்ந்த பூத்தலையை மட்டும் முதல் வலுவான மொட்டிணைக்கு மேலாக, அதுவும் கடும் உறைபனி ஓய்ந்தபின், நீக்கினால் போதும். கூம்பு வடிவில் பூக்கும் வகை புதுத்துளிரில் பூப்பது என்பதால் அதை இப்போதே தாராளமாக வெட்டலாம். எந்த வகை என்று தெரியாவிட்டால் இந்த ஆண்டு கைவைக்காமல் விட்டுவிட்டு, பூப்பதைப் பார்த்தபின் முடிவெடுங்கள். ரோஜாவுக்கு மொட்டுகள் சிவந்து பருக்கத் தொடங்கும் நேரம் ஏற்றது. செத்த கிளை எது, உயிருள்ள கிளை எது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். கிளையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: உள்ளே வெண்மையாக இருக்கும் இடம் வரும்வரை இறங்கி வெட்ட வேண்டும், பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பிளம், செர்ரி மரங்கள் இருந்தால் அவற்றை இந்தக் குளிரும் ஈரமுமான காலத்தில் வெட்டாதீர்கள். வெட்டுக்காயம் வழியாக வெள்ளியிலை நோய் என்ற பூஞ்சை நோய் நுழையும். அவற்றுக்குக் கோடைதான் உகந்தது.

சுத்தம் செய்யும் ஆசைக்கு நான் எதிரி. காய்ந்து உள்ளீடற்றுப்போன தண்டுகளுக்குள் தனித்து வாழும் தேனீ இனங்களின் அடுத்த தலைமுறை உறங்கிக்கொண்டிருக்கிறது. சருகுக்கு அடியில் பொறிவண்டுகள் ஒடுங்கியிருக்கின்றன. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகள் துளிர்களில் மொய்க்கும் நாளில் நமக்கு உதவிக்கு வருபவை இந்தப் பொறிவண்டுகளே. பகல் வெப்பநிலை தொடர்ச்சியாக 10 டிகிரியைத் தாண்டும்வரை விட்டுவையுங்கள். அதன்பின் வெட்டும்போதும் அடியோடு வெட்டாமல் 20 முதல் 60 செ.மீ. வரை பல உயரங்களில் குச்சிகளை நிறுத்திவைத்தால், புதிய தேனீக்கள் அவற்றில் கூடு வைக்கும். புதுத்தழை எழுந்து அந்தக் குச்சிகளைச் சில வாரங்களிலேயே மறைத்துவிடும்.

---

பதில்: மண்வாசகன்

கவாத்துக்கத்தி சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். பூச்செடிப் பாத்திக்கு அது பொருந்தும். காய்கறிப் பாத்தியில் சருகை அப்படியே விட்டால் நத்தைகளும் அவற்றின் முட்டைகளும் அதற்கடியில் சுகமாக இருக்கும். லெட்டூஸ் முளைத்த முதல் இரவிலேயே அவை விருந்துக்கு வந்துவிடும். அதோடு, சென்ற ஆண்டு நோய் கண்ட தக்காளி, ரோஜா ஆகியவற்றின் இலைகள் எங்கே கிடந்தாலும் அகற்றப்பட வேண்டும். விதைக்கப்போகும் இடத்தை மட்டும் துப்புரவாக்கி, வேலியோரத்தையும் பூச்செடிகளையும் காத்திருக்க விடுங்கள் என்பதே என் கருத்து.

லைலாக் பற்றி உங்கள் நண்பர் சொன்னதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. லைலாக் மொட்டு விரிவதும் பீன்ஸ் விதை முளைப்பதும் ஒரே காரணத்தைச் சார்ந்தவை. அதுவரை சேர்ந்த வெப்பத்தின் மொத்த அளவு. நாள்காட்டிக்கு அந்தக் கணக்கு தெரியாது, செடி அதை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வருகிறது. முதல் இலை துளிர்ப்பதையும் முதல் பூ மலர்வதையும் குறித்துவைக்கும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் தொடங்கிய அத்தகைய குறிப்புகளை, அவருடைய குடும்பத்தினர் வழிவழியாக 1958 வரை தொடர்ந்தார்கள். இன்றும் ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. லைலாக் பூ இதுவரை நடந்ததைத்தான் சொல்கிறது. நாளை இரவு உறைபனி வருமா என்பதை அது அறியாது. அதனால் டாஃபடில் பூக்கும்போது பட்டாணி, லைலாக் முழுமையாக மலரும்போது பீன்ஸ் என்ற வழக்கை அழைப்பு மணியாக எடுத்துக்கொண்டு, வெப்பமானியால் மண்ணை ஒரு முறை உறுதி செய்தபின் விதையுங்கள். உங்கள் தோட்டத்துக்கே உரிய கணக்கு வேண்டுமானால், ஒரு குறிப்பேட்டில் இந்த ஆண்டே எழுதத் தொடங்குங்கள்: எந்தச் செடி என்று துளிர்த்தது, அன்று காலை மண் எத்தனை டிகிரி, கடைசியாகப் புல்லில் வெண்பனி கண்டது எந்த நாள். மூன்று நான்கு ஆண்டுகளில் எந்த அட்டவணையையும்விட அது உங்கள் பாத்திக்குப் பொருத்தமாக இருக்கும்.

மண் உருண்டை உதிர மறுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தாளை மழைக்கு முன்னரே விரித்தீர்களா, பின்னரா? நனைந்த மண்ணின்மேல் விரித்திருந்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக்கிடக்கும். காற்றும் வெயிலும் இருக்கும் ஒரு நாளில் தாளை விலக்கி ஆறவிட்டு, மாலையில் மீண்டும் மூடுங்கள். அடுத்த சோதனையை நான்கு நாள் கழித்துச் செய்து பாருங்கள்.